லீவர் ரிம்ஃபயர் ரைபிள்: தேர்வு முதல் பராமரிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக லீவர் ரைபிள் (அடியில் உள்ள வளையக் கைப்பிடியான லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி) வாங்க வருபவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். பளபளக்கும் பித்தளை நிற உடலும் பெரிய வளையமும் கண்ணை இழுத்துவிடுகின்றன. எந்தத் தோட்டா, எவ்வளவு தூரம், யாருடைய தோளில் வைத்துச் சுடுவது என்ற கேள்விகளெல்லாம் பணம் கொடுத்த பிறகுதான் வருகின்றன. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். துப்பாக்கியின் பெயர் கடைசியில் வரட்டும்.

வாங்கிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி மூன்று இடங்களில் பிறக்கிறது: தோட்டா நிரப்புவது, லீவரை இயக்குவது, காலி செய்வது. இந்த மூன்றையும் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். அந்தப் பகுதிகளைத் தாவிப் படிக்காதீர்கள்.

1. வாங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் உரிமம். நீங்கள் வாழும் நாட்டில் இந்த வகைத் துப்பாக்கி எந்தப் பிரிவில் வருகிறது, எத்தனை வைத்துக்கொள்ளலாம், எப்படிப் பூட்டிவைக்க வேண்டும், வண்டியில் எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்பதை உரிமம் வழங்கும் அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நண்பர் சொன்னதை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது சுடுவதற்கான இடம். உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் உள்ள சுடுதளத்தில் 25 கெஜம் மட்டும்தானா, 100 கெஜம் வரை உண்டா என்று பார்த்துவிடுங்கள். தோட்டா வகையை முடிவு செய்யப்போவது அந்தத் தூரம்தான்.

மூன்றாவதாகப் பூட்டுள்ள இரும்புப் பெட்டி, கண்ணாடி, காதுக் கவசம், சுத்தம் செய்யும் கம்பியும் துணியும். துப்பாக்கி வீட்டுக்குள் வரும் முன் பெட்டி வந்துவிட வேண்டும். "ஒரு வாரம் அலமாரியில் இருக்கட்டும்" என்ற நினைப்பில்தான் விபத்து நுழைகிறது.

2. எதற்காக என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்

"50 கெஜத்தில் தகரக் குவளைகளைச் சுட", "மகளுக்குச் சுடப் பழக்க", "தோட்டத்தில் முயல் தொல்லைக்கு" என்று ஒரு வரி போதும். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் இன்னும் வாங்கும் நேரம் வரவில்லை.

காகித இலக்கில் ஒரே துளைக்குள் ஐந்து குண்டு போட ஆசைப்படுகிறவர்களுக்கு, பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் வகை ரைபிளே பொருத்தம். லீவர் ரைபிளின் பலம் வேறு. அதை இயக்குவது உங்கள் கை, தோட்டா வெடிக்கும் வேகம் அல்ல. அதனால் வலுவான தோட்டா, மெதுவான தோட்டா இரண்டையும் அது ஒரேபோல ஏற்கும். தானாக மறுநிரப்பாகும் துப்பாக்கிகளில் பலவும் மெதுவான தோட்டாவில் திணறும். லீவர் நடுவில் இருப்பதால் இடக்கைக்காரர்களும் சங்கடமின்றி இயக்கலாம். சுட்ட தோட்டாவின் காலி உறை வலப்பக்கம் தெறிக்கும் மாடல்களில் அது முகத்தருகே போகிறதா என்று மட்டும் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. தோட்டாவை முடிவு செய்யுங்கள்

ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து உறையின் அடிவிளிம்புக்குள் ஓடுகிறது. சுடும் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போதுதான் வெடிக்கிறது. ஒருமுறை நசுங்கிய உறையை மறுபடி நிரப்ப முடியாது. ஆகவே கடையில் தொடர்ந்து கிடைக்கும் தோட்டாதான் உங்கள் தோட்டா.

புதியவர்களுக்கு என் பரிந்துரை .22 லாங் ரைபிள் (பெயரில் ரைபிள் இருந்தாலும் இது ஒரு தோட்டாவின் பெயர்). வழக்கமான குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். சாதாரண வேக வகை நொடிக்கு 1,070 அடி அளவிலும், அதிவேக வகை 1,250 அடி அளவிலும் புறப்படும். முதல் வகை ஒலியின் வேகத்துக்குக் கீழே நிற்பதால் சத்தம் குறைவு. .22 லாங் ரைபிளுக்காகச் செய்த லீவர் ரைபிள்கள் பலவற்றில் .22 ஷார்ட், .22 லாங் தோட்டாக்களும் ஓடும். குண்டு வெளியேறும் குழலின் மேல் பொறித்திருப்பதைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதைவிட வலுவான .22 மேக்னம் தோட்டா, 100 கெஜத்தைத் தாண்டி வேலை செய்ய வேண்டியவர்களுக்கு. .17 எச்.எம்.ஆர். தோட்டாவில் 17 கிரெய்ன் எடையுள்ள சிறிய குண்டு நொடிக்கு 2,550 அடி வேகத்தில் ஏறக்குறைய நேர்கோடாகப் போகிறது. ஆனால் காற்று அதை எளிதில் தள்ளிவிடும். இரண்டுமே பழகும் காலத்தில் தேவையில்லாத செலவு.

இங்கே அடிக்கடி நடக்கும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. .22 மேக்னம் துப்பாக்கியின் அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) .22 லாங் ரைபிள் தோட்டா தளர்வாக நுழைந்துவிடும். நுழைகிறதே என்று சுட்டால் உறை பிளந்து சூடான வாயு பின்னால் பீறிடலாம். இரண்டும் வேறு வேறு அளவு. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

4. உடம்புக்குப் பொருந்துகிறதா?

தோள்கட்டையின் பின்முனையிலிருந்து விசை (சுடுவதற்கு விரலால் அழுத்தும் பாகம்) வரையுள்ள நீளம் முதலில். ஹென்றி நிறுவனத்தின் எச்001 மாடலில் இது 14 அங்குலம். அதன் சிறுவர் மாடலில் 13 அங்குலம். ஒரு அங்குலம்தானே என்று விட்டுவிடக் கூடாது. கட்டை நீளமாக இருந்தால் சிறு உடம்புக்காரர் முதுகைப் பின்னால் சாய்த்துத் தாங்குவார். அந்த நிலையில் லீவரை முழுதாகத் தள்ளக் கை எட்டாது. அரைகுறை லீவரால் வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்தது எடை. எச்001 சுமார் 2.4 கிலோ. அதே நிறுவனத்தின் எண்கோணக் குழல் கொண்ட கோல்டன் பாய் சுமார் 3 கிலோ. கூடுதல் எடையில் பெரும்பகுதி முன்பக்கம் இருப்பதால், மேசையில் ஊன்றிச் சுடும்போது அது அசையாமல் நிற்கும். நின்றுகொண்டு சுடும்போது இடக்கை சீக்கிரம் நடுங்கும். கடையில் எடுத்தவுடன் கீழே வைத்துவிடாதீர்கள். பாதுகாப்பான திசையில் தோளில் வைத்து ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கை பதில் சொல்லிவிடும்.

5. இப்போதுதான் மாடல்

புதிதாக வாங்குபவருக்கு ஹென்றி எச்001 நல்ல தொடக்கம். 15 லாங் ரைபிள் தோட்டா கொள்ளும், லீவர் வழுக்கிக்கொண்டு போகும். உடலை மூடும் உறை கலப்பு உலோகத்தில் வார்த்து வண்ணம் பூசியது என்பதால் முரட்டுக் கையாளுதலில் கீறல் விழும். தனியாக விரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு இதில் இல்லை. பின்னால் இருந்து ஊசியை அடிக்கும் சுத்தியலைக் கால்வாசி இழுத்து நிறுத்தும் பள்ளம்தான் பாதுகாப்பு. இதை வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டும்.

பிரவுனிங் பி.எல்-22 மாடலில் லீவர் வெறும் 33 பாகை நகர்ந்தால் போதும். விசையும் லீவரோடு சேர்ந்தே நகர்வதால் விரல் நடுவில் மாட்டாது. கை சிறியவர்களுக்கு இதை நான் முதலில் காட்டுவேன்.

பழையது வாங்கத் தயங்காதவர்கள் மார்லின் 39ஏ, 1972 முதல் 2005 வரை தயாரான வின்செஸ்டர் 9422 ஆகியவற்றைத் தேடலாம். மார்லின் 39ஏ வலப்பக்கத் திருகைக் கழற்றினால் இரண்டாகப் பிரியும். குழலைப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்யலாம் என்பது அதன் பெரிய வசதி. செலவைக் குறைக்க வேண்டுமானால் ரோஸி ரியோ பிராவோவைப் பார்க்கலாம். அதை வாங்கும்போது லீவரின் ஓட்டத்தை மட்டும் கூடுதல் கவனத்துடன் சோதியுங்கள்.

பெரிய வளையம் தடித்த கையுறை போடுபவர்களுக்கு மட்டும் பயன். மற்றவர்கள் கையில் அது நழுவும்.

6. கையில் எடுத்துச் சோதிக்கும் வரிசை

லீவரைத் திறந்து, அறை காலி என்பதைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டார் என்பது கணக்கில் வராது.

குழலுக்கு அடியில், தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் தோட்டாக் குழாய்க்குள் உள்ள உள்குழாயை வெளியே இழுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். மெல்லிய பித்தளை அது. லேசாக வளைந்திருந்தாலும் தோட்டாக்கள் நடுவழியில் நின்றுவிடும். பழைய துப்பாக்கிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்து, காலி அறையுடன் சுத்தியலை முழுதாகப் பின்னால் இழுத்து, விசையைத் தொடாமல் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளுங்கள். சுத்தியல் விழுந்தால் வாங்க வேண்டாம். பிடிப்புப் பள்ளம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

குழல்வாயின் விளிம்பில் பள்ளமோ தேய்வோ இருந்தால் குறி சிதறும். தோட்டா அறையின் பின்விளிம்பில் ஊசி குத்திய வடு தெரிந்தால், முந்தைய உரிமையாளர் வெறும் அறையோடு அடிக்கடி விசையை அழுத்தியிருக்கிறார். ரிம்ஃபயரில் தோட்டா இல்லாவிட்டால் ஊசி அறையின் விளிம்பிலேயே போய் மோதக்கூடும். வடு ஆழமாக இருந்தால் தோட்டா உள்ளே போகாது. இதே காரணத்தால், விசையைச் சோதிக்க விரும்பினால் மருந்தில்லாத பயிற்சித் தோட்டா கேளுங்கள்.

திருகுகளின் தலை சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார். ஏன் திறந்தார் என்று கேளுங்கள்.

7. தோட்டா நிரப்புவது

குழாய் முன்பக்கம் இருப்பதால், நிரப்பும்போது கை குழல்வாய்க்கு அருகே போகிறது. இந்த வடிவத்தின் உண்மையான ஆபத்து இதுதான். எனவே அறை காலி என்று உறுதியாகும் வரை தோட்டாப் பெட்டியையே திறக்காதீர்கள்.

லீவரைத் திறந்து அறையைப் பாருங்கள், மூடுங்கள். சுத்தியலைக் கையேடு சொல்லும் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். துப்பாக்கியின் அடியைத் தரையில் ஊன்றி, குழல்வாயை முகத்திலிருந்து விலக்கிச் சாய்த்துப் பிடியுங்கள்.

உள்குழாயைத் திருகி, நிரப்பும் துளை முழுதாகத் தெரியும் வரை மட்டும் உயர்த்துங்கள். முழுதாக உருவி மேசையில் வைப்பது புதியவர்களின் வழக்கம். உருண்டு விழுந்து வளைவது அப்போதுதான். தோட்டாவின் அடிப்பகுதி முதலில் போகும்படி ஒவ்வொன்றாக விடுங்கள். கை எப்போதும் பக்கவாட்டில் இருக்கட்டும், வாய்க்கு நேரே வரவேண்டாம்.

பிறகு உள்குழாயை மெல்ல இறக்கிப் பூட்டுங்கள். கடைசி அங்குலத்தில் இறங்க மறுத்தால் ஒரு தோட்டா அதிகம். ஒன்றை எடுத்துவிடுங்கள். அழுத்தினால் பித்தளை வளையும். பூட்டாமல் விட்டால் நடுவில் குழாய் முன்னேறி வந்துவிடும், தோட்டாவும் ஏறாது.

முதல் நாளில் ஐந்து தோட்டாவுக்கு மேல் நிரப்பாதீர்கள். இடம் இருக்கிறதே என்று பதினைந்தையும் நிரப்பிவிட்டு ஆறாவதில் சிக்கினால், மீதியை எடுப்பதற்கே பாதி நேரம் போய்விடும்.

8. லீவரை இயக்குவது

கீழே தள்ளும்போது காலி உறை வெளியே தெறிக்கிறது, சுத்தியல் பின்னால் ஏறுகிறது. மேலே இழுக்கும்போது அடுத்த தோட்டா அறைக்குள் போகிறது. இரண்டு பாதியும் கடைசிவரை போக வேண்டும்.

புதியவர்கள் பழையதொன்றை உடைத்துவிடுவோமோ என்பதுபோல் மென்மையாகத் தள்ளுகிறார்கள். லீவர் முக்கால் தூரத்தில் நின்று திரும்புகிறது. உறை முழுதாக வெளியேறாமல் வாயிலில் குறுக்கே நிற்க, கீழிருந்து அடுத்த தோட்டா ஏறி அதன்மேல் முட்டுகிறது. "துப்பாக்கி கோளாறு" என்று திருப்பிக் கொண்டுவரப்படும் பல ரைபிள்களில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. தயங்காமல், கடைசியில் தட்டும் வரை தள்ளுங்கள். அதே வேகத்தில் மூடுங்கள். முரட்டுத்தனம் தேவையில்லை, முழுமை தேவை.

துப்பாக்கி தோளிலேயே இருக்கட்டும். இறக்கி இடுப்பருகே இயக்கினால் குழல்வாய் எங்கெங்கோ அலையும். நடுவிரல் முதல் சுண்டுவிரல் வரை வளையத்துக்குள் இருக்க, ஆட்காட்டி விரல் நேராக நீண்டு உடலின் பக்கத்தில் கிடக்க வேண்டும். லீவர் மூடும் நொடியில் தோட்டா அறையில், சுத்தியல் மேலே. விரல் விசையில் இருந்தால் அந்த நொடியிலேயே சுட்டுவிடும்.

சிக்கிவிட்டதா? லீவரை இழுத்துப் பறிக்காதீர்கள். குழல்வாயை இலக்குத் திசையிலேயே வைத்து, முதலில் உள்குழாயை எடுத்து மீதித் தோட்டாக்களைக் கொட்டுங்கள். பின்பு லீவரைத் திறந்து, மாட்டியதை விரலாலோ மரக்குச்சியாலோ எடுங்கள். கத்தி முனை, திருப்புளி வேண்டவே வேண்டாம். மருந்து விளிம்பில் இருப்பதால், இரும்பு முனை நசுக்கும் இடமும் ஊசி நசுக்கும் இடமும் ஒன்றுதான்.

சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து இறக்குவதைக் காலி அறையில் நன்றாகப் பழகும் வரை, தோட்டா ஏறிய அறையில் முயலவே வேண்டாம். விரல் வழுக்கினால் சுத்தியல் விழும். சுடும் இடத்துக்கு வந்தபின் தோட்டாவை ஏற்றினால் இந்தத் தேவையே எழாது.

9. காலி செய்வது

எல்லாத் தோட்டாவும் தீரும்வரை லீவரை அடித்துக்கொண்டே இருப்பது பலரின் முறை. அப்படிச் செய்தால் ஒவ்வொரு தோட்டாவும் அறைக்குள் போய், சுத்தியலும் ஏறி, சுடத் தயாரான நிலையைக் கடந்துதான் வெளியே வருகிறது. பத்துத் தோட்டா என்றால் பத்து முறை ஆபத்து.

சரியான வரிசை இது. முதலில் லீவரைத் திறந்து, அறையில் இருப்பதை வெளியேற்றித் திறந்தபடியே விடுங்கள். உள்குழாயை முழுதாக உருவுங்கள், துப்பாக்கியை முன்புறம் சாய்த்துத் தோட்டாக்களைத் துணியில் கொட்டுங்கள். பிறகு லீவரை மூன்று முறை முழுதாக இயக்குங்கள்.

இந்த மூன்று முறை ஏன் என்றால், குழாய் காலியான பிறகும் உள்ளே தோட்டாவைத் தூக்கித் தரும் பகுதியில் ஒன்று தங்கியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அறையும் காலியாகத்தான் இருக்கும். லீவரை ஒருமுறை மூடியதும் அது அறைக்குள் ஏறிவிடும். "காலி செய்துவிட்டேன்" என்று சொல்லி மேசையில் வைத்த துப்பாக்கியில் தோட்டா இருப்பது இப்படித்தான். இயக்கி முடித்ததும் அறை, தூக்கும் பகுதி, குழாய் மூன்றையும் வெளிச்சத்தில் பார்த்து, கொட்டிய தோட்டாக்களையும் எண்ணிச் சரிபாருங்கள்.

10. விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால்

ரிம்ஃபயரில் இது மற்ற வகைகளைவிட அடிக்கடி நடக்கும். விளிம்புக்குள் மருந்து சீராகப் பரவாத தோட்டாதான் பெரும்பாலும் காரணம். லீவரை உடனே திறக்காதீர்கள். குழல்வாயை இலக்கை நோக்கி வைத்து 30 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா, திறந்த அறையில் வெடித்தால் உறைத் துண்டுகள் முகத்தில் தெறிக்கும்.

சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக இருந்தால் அப்போதும் நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். முழுதாகக் காலி செய்து, குழலில் வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது.

11. குறியைச் சரிசெய்வது

25 கெஜத்தில் தொடங்கி 50 கெஜத்தில் முடியுங்கள். பின்குறியை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ குண்டும் அந்தப் பக்கம் போகும். முன்குறி இதற்கு நேர்மாறு. ஒரே குண்டை வைத்து எதையும் நகர்த்தாதீர்கள். ஐந்து குண்டு போட்டு அவற்றின் நடுவைப் பாருங்கள்.

இதற்கு முன் மூன்று நான்கு வகைத் தோட்டாவை வாங்கிச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பிடித்தம் உண்டு. தோட்டாவை மாற்றினால் குறியும் மாறும். 50 கெஜத்துக்குச் சரிசெய்த அதிவேக .22 லாங் ரைபிள், 100 கெஜத்தில் சுமார் 6 அங்குலம் கீழே விழும்.

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்துவதானால் 50 கெஜத்துக்கு அமைத்த ரிம்ஃபயர் ஸ்கோப்பே வாங்குங்கள். சுத்தியலைப் பிடிக்கக் கட்டைவிரலுக்கு இடம் இருக்காது என்பதால் சுத்தியலில் மாட்டும் பக்கவாட்டு நீட்சி ஒன்றும் வேண்டும்.

இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். சிறு குண்டு என்று எண்ண வேண்டாம். .22 லாங் ரைபிள் குண்டு ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. கல், நீர், கெட்டித் தரை மீது பட்டால் திசைமாறித் தாவும்.

12. சுத்தம்

பெரும்பாலான மாடல்களில் குழலைப் பின்பக்கமிருந்து கம்பியால் துடைக்க வழியில்லை. குழல்வாய் வழியாகக் கம்பி விடும்போது அது விளிம்பில் உரசி, குறியைக் கெடுக்கும். பின்பக்கம் நுழைத்துக் குழல்வாய் வழியாக இழுக்கும் கயிற்று வகைத் துடைப்பான் இதற்கு நல்லது. ஈயக் குண்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சு குழலைக் காப்பதால், ஒவ்வொரு முறையும் பளிங்காக்கத் தேவையில்லை.

கவனம் போக வேண்டியது அறைக்கு. .22 ஷார்ட் தோட்டா நிறையச் சுட்டால், அதன் உறை முடியும் இடத்துக்கு முன்னால் கரி வளையமாகப் படியும். அதன்பின் லாங் ரைபிள் தோட்டா முழுதாக உள்ளே போகாது, காலி உறையும் பிடித்துக்கொள்ளும். ஷார்ட் சுட்ட அன்றே அறையைத் தூரிகையால் தேய்த்துவிடுங்கள்.

எண்ணெய் ஒரு சொட்டு போதும். கூடினால் வெடிமருந்துக் கரியோடு சேர்ந்து களிம்பாகி லீவரை இறுக்கும். தோட்டாக் குழாயின் உள்ளே எண்ணெயே வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். உடற்பகுதித் திருகுகள் சுடச்சுடத் தளரும். பொருந்தும் திருப்புளியால் அவ்வப்போது சரிபாருங்கள்.

13. வைத்திருப்பது

காலி செய்து, சுத்தியலை இறக்கி, இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில். சாவி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கக் கூடாது.

நுரை வைத்த பயண உறையில் நாள்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். நுரை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், குழலில் துரு ஏறும். சுடுதளத்திலிருந்து வந்ததும் வெளியே எடுத்துத் துடையுங்கள். வியர்வைக் கை பட்ட இடங்கள், குறிப்பாக லீவர் வளையமும் சுத்தியலின் முனையும், முதலில் துருப்பிடிப்பவை.